வாசலுக்கு வாசல் எட்டிப் பார்த்த சித்தப்பா

ஊரிலிருந்து கப்பலேறி வருகிறவர்களுக்கு ரங்கூனைச் சுற்றிக் காட்ட அப்பா ஒரு திட்டம் வைத்திருந்தார். காலையில் ஷ்வேடகன் பயா என்கிற புத்தர் கோயில். மத்தியானம் சூரத்தி பஜார். சாயங்காலம் ராயல் லேக் கரையில் காற்று. டிராமில் ஏறி இறங்கினால் ஒரே நாளில் ரங்கூன் முடிந்துவிடும். பயாவின் பொன்னைப் பார்த்து வாயைப் பிளக்காதவர் கிடையாது. வாயைப் பிளந்ததும் அப்பா ஏதோ தானே முன்னால் நின்று கட்டி முடித்ததுபோல் லேசாகச் சிரிப்பார். சித்தப்பா மட்டும் வாயைப் பிளக்கவில்லை. பிளப்பதற்கு அவர் அங்கே போகவே இல்லை.

"கோபுரம் நம்மூர்லயும் இருக்கு மைனி. நான் சும்மா தெருவப் பாத்துட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு முதல் நாளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் முகல் தெருவில் சாக்கடையும் மாடும் ரிக்‌ஷாவும்தான் இருந்தன. அவை மூன்றையும் பார்க்கவா ஒரு மனுஷன் நாலு நாள் கப்பலில் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்து வருவான்? வருகிறேன் என்று ஒரு வரி எழுதாமல், திடீரென்று ஒரு தகரப் பெட்டியோடு மாடிப்படி ஏறி வந்து நின்றதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எலி சும்மா அம்மணமா ஓடாது" என்று அடுப்படியில் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

அவர் வந்த நேரமும் அப்படிப்பட்ட நேரம். ஊரில் எங்கள் அத்தை இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அவளைக் கட்டிய மாமா, நான் பிறப்பதற்கு முன்பே ரங்கூனுக்கு வந்து பசுந்தாங் பக்கம் ஓர் அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தாராம். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அப்பா தேடிப் பார்த்துவிட்டு, ஆள் இருக்கும் இடம் தெரியவில்லை என்று ஊருக்கு எழுதினார். அப்பா தேடியது உண்மை. ஆனால் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், பாலிஷ் போட்ட பூட்ஸோடு தேடினார். அந்தப் பூட்ஸ் டிராம் போகாத தெருவுக்குள் போனது கிடையாது.

வருகிற தை மாதத்தோடு மாமா காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால் ஆள் செத்ததாகத்தான் கணக்கு. தருப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதைப் பிணமாக நினைத்து எரித்து, பதினாறாம் நாள் பெண்டாட்டியின் தாலியைக் கழற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு அத்தைக்குப் பூவும் கிடையாது, பொட்டும் கிடையாது, வெள்ளைப் புடவைதான். ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கேட்டார்கள். சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறதே என்று அப்பாவும் சரி சொல்லிவிட்டார். அந்தக் காரியத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யவேண்டிய சித்தப்பா, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரங்கூனில் தெருவளந்துகொண்டிருந்தார்.

ரங்கூனுக்கு வருகிற ஆண்பிள்ளைகளைப் பற்றி ஊரில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. இங்கே ஒரு பர்மாக்காரியைச் சேர்த்துக்கொண்டு ஊரை மறந்துவிடுவார்கள் என்பது. அம்மாவும் அதைத்தான் சந்தேகித்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். தெருப் பிள்ளைகளோடு விளையாடிப் பர்மியம் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது. "தம்பி, ஒங்களுக்கு பாஷை தெரியாதுல்ல, இவளைக் கூட்டிட்டுப் போங்க" என்று வெளியே சொன்னவள், என்னை உள்ளே இழுத்து, "எங்க போறாரு, யாரைப் பாக்குறாரு, ஒண்ணு விடாம வந்து சொல்லணும்டி" என்றாள். ஆக, சித்தப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர், அம்மாவுக்குத் துப்பறியும் ஆள். இந்த உத்தியோகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரைவிட நாலு அடி பின்னால் நடக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்.

அவரோடு நடந்தபோதுதான் நான் பிறந்த ஊரையே நான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். பெரிய தெருக்களின் முகப்புகளெல்லாம் வெள்ளைக்காரனுக்காகச் சுண்ணாம்படித்து நின்றன. சித்தப்பா அவற்றின் முதுகுப் பக்கமாகவே போனார். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே தோட்டிகள் மட்டும் போகிற சந்து. ஒரே அறையில் தெலுங்குக் கூலிகள் முறைவைத்துத் தூங்கும் கொட்டகை. சவப்பெட்டிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டே சீனன் பாட்டுப் பாடும் பட்டறை. கெமண்டைன் படகுத்துறையில் ஙாப்பிச் சாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த மீன் ஊறல் நாற்றத்தை எங்கள் சைவ மூக்கு தாங்காது. சித்தப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார், நடையை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் எதையும் வாங்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடையை மெதுவாக்கி, நிலைக்கு உள்ளே வலது பக்கம் எட்டிப் பார்த்தார். தமிழன் வீடு, பர்மாக்காரன் வீடு என்ற பேதம் கிடையாது. பார்த்துவிட்டு அடுத்த வாசல். அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரிந்திருந்தது. தெருவே எங்களைப் பார்க்கிறதென்று எனக்கு உடம்பு கூசியது. ஓர் இடத்தில் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி கத்திவிட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்றார் சித்தப்பா.

"கண்ணைப் பிடுங்கிருவாளாம்."

"பிடுங்கட்டும்" என்றார். அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "பொம்பளைங்க இருக்குற வீடா பாத்துத்தான் எட்டிப் பாக்குறாரா?" என்று கேட்டாள். எல்லா வீட்டிலும் பொம்பளைகள் இருந்தார்களே, நான் எப்படிப் பிரித்துச் சொல்வது? ஆமாம் என்றேன். அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பாவோ, தம்பி அபினிக் கடை தேடுகிறானோ என்று பயந்தார். சாப்பிடும்போது மூன்று பேரும் அவரவர் சந்தேகத்தோடு குழம்பை ஊற்றிக்கொண்டோம். சித்தப்பா மட்டும் நன்றாகச் சாப்பிட்டார். நடந்த கால் அல்லவா?

பிறகு ஒருநாள் காலையில், அரிசி மில்லெல்லாம் எங்கன இருக்கு என்று என்னிடம் கேட்டார். பசுந்தாங்குக்கு நடந்தோம். புகைபோக்கிகளிலிருந்து உமிச் சாம்பல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை பத்து நிமிஷத்தில் அழுக்காகிவிட்டது. மில்களுக்குப் பின்னால், ஓடைக்கரைச் சேற்றில் பலகை போட்ட ஒரு சந்து. இருபுறமும் கால் நட்டுக் கட்டிய மூங்கில் வீடுகள். அங்கேயும் அவர் வாசலுக்கு வாசல் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வீட்டுக்கு முன் வீடு. பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

நானும் பார்த்தேன். நிலைக்கு உள்ளே, வலது பக்கம், கயிற்றில் ஒரு கொட்டாங்கச்சி தொங்கியது. அதில் திருநீறு இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துச் சைவ வீடுகளில் அந்த இடத்தில் மரத்தில் கடைந்த திருநீற்று மரவை ஒன்று தொங்கும். வெளியே போகிற ஆண்பிள்ளை கையை உயர்த்தினால் எட்டுகிற உயரம். எங்கள் வீட்டிலும் தொங்கியது. ஆனால் உள்ளே இருந்தது பர்மியப் பெண். சிவந்த லுங்கி, கன்னத்தில் சந்தனம்போல் தனக்காப் பூச்சு, முன்தலையில் நரை. பர்மாக்காரி வீட்டில் திருநீறு எப்படி வந்தது? யாரோ கொண்டுவந்து தொங்கவிட்டால்தானே வரும்? நான் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தேன்.

அவள் சித்தப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தமிழில், அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழில், "வாங்க. இங்கன இருங்க" என்று பாயை விரித்தாள். என்னைப் பார்த்து, "ஏட்டி, வெளிய எதுக்கு நிக்கே?" என்றாள்.

ரங்கூனில் என்னை ஏட்டி என்று கூப்பிடுகிறவர் அப்பா ஒருவர்தான். அம்மாகூட மதுரைக்காரி, ஏண்டி என்பாள். இந்தப் பேச்சை இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வழக்கு முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒருத்தி தமிழ் கற்றுக்கொள்ள முடியுமா என்ற கேள்வி வரத்தான் செய்தது. எங்களுக்குத் தெரியாமல் முன்பே ஒருமுறை வந்து போயிருக்கிறார் என்று அதற்கும் பதில் கண்டுபிடித்துக்கொண்டேன். சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு வேண்டிய சாட்சியெல்லாம் தானாக வந்து சேரும்.

ஒட்டரிசிப் பலகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, கொல்லையில் வாத்து இருக்கிறது, போய்ப் பார் என்று அனுப்பினாள். வாத்தைப் பார்க்கவா நான் வந்தேன்? மூங்கில் தட்டியில் கண்ணை வைத்தேன். பேச்சு சரியாகக் கேட்கவில்லை. அவள்தான் பேசினாள், மெதுவாக, வெகுநேரம். பிறகு எழுந்து போய் ஒரு சிமிழைக் கொண்டுவந்து திறந்து பாயில் வைத்தாள். ஒரு ஜோடி கடுக்கன். ஆண்பிள்ளைகள் காதில் போடுகிற சிவப்புக் கல் கடுக்கன். சித்தப்பா அதைத் தொடவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொடுத்த நகையைத் திருப்பித் தருகிறாள், சண்டை போட்டுக்கொண்டு பிரிகிறார்கள் என்று முடிவுசெய்தேன். அழுகிற ஆண்பிள்ளையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

வெளியே வந்ததும் என் பக்கத்தில் வராமல் தள்ளியே நடந்தார். நேராக ஓடையில் இறங்கினார். உமியும் எண்ணெயும் மிதக்கிற அந்த ஓடையில், எருமைகூட இறங்க யோசிக்கும். சட்டையோடு, வேட்டியோடு மூழ்கினார். தலை தண்ணீருக்குள் போய் வந்தது. கரையேறி, கையில் அள்ளிவந்த தண்ணீரை என் உச்சந்தலையிலும் ஊற்றினார். நான் கத்தினேன். "வெயிலு மக்கா, வெயிலு" என்றார். மார்கழி மாதத்து ரங்கூனில் என்ன வெயில்?

வீடு திரும்பியதும் அவர் துணி மாற்ற மொட்டை மாடிக்குப் போனார். நான் மூச்சு விடாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பர்மாக்காரி, ஏட்டி, திருநீறு, கடுக்கன், அழுகை. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல, "பாத்தியா, பாத்தியா" என்று வெற்றியோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓடையில் முழுகியதைச் சொன்னேன். அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது.

"கட்டுன துணியோடயா?"

"ஆமா."

"தலையோடயா?"

"ஆமா. என் தலையிலயும் ஊத்தினாரு."

அவள் என் தலையைத் தொட வந்த கையைப் பாதியில் எடுத்துக்கொண்டாள். நேராகக் குழாயடிக்குப் போய், கட்டியிருந்த சேலையோடு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமையும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை, எண்ணெயும் இல்லை, சீயக்காயும் இல்லை. ஈரம் சொட்ட வந்து என் முகத்தருகே குனிந்து, "இதுல ஒரு வார்த்தை அப்பா காதுக்குப் போச்சு, நீ எனக்குப் பொண்ணே இல்ல" என்றாள். இத்தனை நாள் யாரை வேவு பார்க்கச் சொன்னாளோ, அவரோடேயே சேர்ந்துகொண்டாள். எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும், சித்தப்பா அந்தக் கடுக்கனை அவர் முன்னால் வைத்தார். "அத்தானப் பாத்தேன் அண்ணாச்சி" என்றார். மாமா உயிரோடுதான் இருக்கிறாராம். மாந்தலேக்கு மேலே, காட்டில் மரம் வெட்டுகிற கூப்பில் வேலையாம். படகேறுகிற நேரத்தில் துறையில் பார்த்தாராம். ஊருக்கு வர இப்போது தோதுப்படாதாம். அக்காவிடம் கொடுக்கச் சொல்லிக் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்தாராம். சித்தப்பா இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்பா கடுக்கனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் தேடிக் கிடைக்காத ஆள் தம்பிக்குக் கிடைத்துவிட்டானே என்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். நம்புகிற முகமாக இல்லை. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீயும் கூடத்தான போன? ஒங்க மாமாவ நீ பாத்தியா?"

நான் வாயைத் திறந்தால் தை மாதத்தில் ஊரில் என்ன எரியும், அத்தை என்ன ஆவாள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சித்தப்பா நிமிரவே இல்லை. அம்மா காப்பித் தம்ளரோடு கதவோரம் நின்றாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கண் என்னைக் கெஞ்சியது. அம்மா கெஞ்சி நான் பார்த்ததேயில்லை.

"பாத்தேன்" என்றேன்.

"எப்படி இருந்தாரு?"

"கறுப்பா இருந்தாரு."

எங்கள் உறவில் சிவப்பாக யார் இருக்கிறார்கள்? அப்பா முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கே ஊருக்குக் கடிதம் எழுதினார். தருப்பைப் பிணம் வேண்டியதில்லை, ஆள் இருக்கிறது என்று. அடுத்த கப்பலில் சித்தப்பா கிளம்பினார். துறையில் என் தலையைத் தடவ வந்தார். நான் விலகி அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தன் கள்ளத்தனத்தை மறைக்க, இல்லாத மாமாவை உண்டாக்கிய மனுஷன் என்பதே பல வருஷங்களுக்கு அவரைப் பற்றி என் எண்ணம்.

பெரியவளானதும் அப்பாவின் ஊரிலேயே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சித்தப்பா வீடு அடுத்த தெரு. அத்தை அவரோடுதான் இருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், மூக்கில் சிவப்புக் கல் மூக்குத்தி. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் கூப்பிட்டு ஆரத்தித் தட்டைக் கொடுப்பார்கள். சாவு கேட்டால் உடுத்த துணியோடு தலைமுழுக வேண்டும் என்பதும் அதற்குள் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் பசுந்தாங் விஷயத்தில் நான் ஒன்பது வயதிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். முடிந்த வழக்கை யார் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்?

பிறகு ரங்கூனில் அப்பா இறந்துபோனார். தந்தி வந்தது. ஆண்கள் தலைமுழுக ஆற்றின் மேல்துறைக்குப் போனார்கள், சித்தப்பாவும் போனார். நானும் அத்தையும் கீழ்த்துறையில் தாமிரவருணியில் இறங்கினோம். நான் ஒரு முழுக்குப் போட்டு அழுதுகொண்டே கரையேறினேன். அத்தையும் அண்ணனுக்காக ஒரு முழுக்குப் போட்டாள். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல்துறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை முழுகினாள். இந்தத் தடவை தலை வெளியே வர வெகுநேரம் ஆனது.

"எதுக்கு அத்தை ரெண்டாவது?" என்றேன்.

கரையேறித் தலைமுடியைப் பிழிந்தாள். "அது வேற. ரொம்ப நாளா பாக்கி கெடந்தது" என்றாள். மூக்குத்தியை ஒரு விரலால் தொட்டாள். "இந்தக் கல்லு அவரு காதோட ஒட்டிப்போன கடுக்கன்ல இருந்தது. கல்யாணத்தன்னைக்கே, செத்தாத்தான் கழட்டணும்னு சிரிச்சவரு. உசிரோட இருந்தா கழட்டிக் குடுத்திருப்பாரா?"

உமி மிதக்கும் ஓடை, அம்மாவின் ஈரத் தலை, என் உச்சியில் விழுந்த தண்ணீர். அன்றைக்கு ஒரு சாவுக்குத் தலைமுழுகியவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி நான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, ஒன்று விடாமல் சொல்லியும் கொடுத்த எனக்கு மட்டும் அது தெரியவில்லை.

"ஒங்க சித்தப்பாவுக்குத் தெரியாண்டாம்" என்றாள் அத்தை. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். பாவம், அப்படியே இருக்கட்டும்."

உலர்ந்த சேலைகூட மாற்றவில்லை. முதல் வேலையாக முந்தியில் முடிந்து வைத்திருந்த குங்குமச் சிமிழை எடுத்தாள். தண்ணீரில் கரைந்துபோன இடத்தில் விரலால் அழுத்தி வைத்தாள். மேல்துறையிலிருந்து ஆண்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நேரா இருக்கா பாருட்டி."

"நேராத்தான் இருக்கு அத்தை" என்றேன்.